தொட்டிக்கு அடங்கிய இளஞ்சிவப்புத் தக்காளி: நான்கு தலைமுறை அனுபவம்

மாடித் தொட்டி:

எனக்கு மிகவும் பிடித்த தக்காளி ஒன்று உண்டு. இளஞ்சிவப்பு நிறம், உள்ளங்கையை நிறைக்கும் அளவு. நாக்கில் முதலில் இனிப்பு, அடுத்து மெல்லிய புளிப்பு. ஆனால் செடி ஆளுயரத்தையும் தாண்டிப் போகும். தொட்டியில் வைத்துக் காற்றிலிருந்து அதைக் காப்பாற்ற முடியவில்லை. ஒரே இரவில் மூன்று செடிகள் ஊன்றிய கம்போடு சாய்ந்து முறிந்தன. மறுநாள் காலை பச்சைக் காய்களைத் தரையிலிருந்து பொறுக்கும்போதே மனத்தில் ஒன்று உறுதிப்பட்டது: இந்தப் பழம் இடுப்பளவுச் செடியில் காய்க்க வேண்டும்.

நடக்கக்கூடிய காரியம்தான் என்ற தைரியத்தைத் தந்தது 2005இல் தொடங்கிய குட்டைத் தக்காளித் திட்டம். அமெரிக்காவில் கிரெய்க் லெஹூலியரும் ஆஸ்திரேலியாவில் பட்ரினா நஸ்கி ஸ்மாலும் முன்னின்று நடத்தினார்கள். ஒருபுறம் குளிர்காலம் என்றால் மறுபுறம் கோடை என்பதால், விதையை மாற்றி மாற்றி அனுப்பி ஆண்டுக்கு இரண்டு தலைமுறை வளர்த்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்கள் அதிலிருந்து வந்திருக்கின்றன. வளர்த்தவர்கள் நம்மைப் போன்ற வீட்டுத் தோட்டக்காரர்கள்.

என் இளஞ்சிவப்பு ரகத்தைக் குட்டை ரகம் ஒன்றோடு கலக்க முனைந்தேன். முதல் பருவம் எனக்கு வீணாயிற்று. விரிந்த பூவில் தூரிகையால் வேறு செடியின் மகரந்தத்தைத் தடவிவிட்டுக் கலப்பு முடிந்தது என்று நம்பிவிட்டேன். தக்காளிப் பூவில் மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டி மஞ்சள் கூம்பாக நின்று சூல்தண்டை மூடியிருக்கும். விரிந்த பூ காற்றில் ஆடினாலே போதும், தன் மகரந்தம் தன் சூல்முடியில் கொட்டிவிடும். நான் தூரிகையோடு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நாளை விரியப் போகும் மொட்டைத்தான் பிடிக்க வேண்டும். புல்லி இதழ்கள் சற்றே பிரிந்திருக்கும். உள்ளே அல்லி இதழ்கள் குவிந்தபடி, பச்சை கலந்த வெளிர்மஞ்சளில் இருக்கும். அடர்மஞ்சளாகிவிட்டால் அந்தப் பூவை விட்டுவிடுங்கள். இடது கையால் காம்பைத் தாங்கிக்கொண்டு, கூர்முனை இடுக்கியால் கூம்பின் பக்கவாட்டில் மெல்லக் கீறி, ஒரு பையைப் பிடித்து வெளிப்பக்கமாக இழுத்தால் கூம்பு துண்டு துண்டாகக் கழன்று வரும். மேல்நோக்கி இழுத்தால் சூல்தண்டும் சேர்ந்து ஒடியும். நான்கு பூக்களை அப்படி இழந்தேன். கூம்பு போன பிறகு நடுவில் பச்சை நூல் போல ஒன்று தனியாக நிற்கும், நுனியில் குண்டூசித் தலைக்கும் சிறிய ஒரு பிசுபிசுப்பு. அதுதான் சூல்முடி. முதல் தடவை அது ஒடியாமல் நின்றதைப் பார்த்தபோது மூச்சுவிடக்கூடப் பயமாக இருந்தது.

தந்தைச் செடியின் விரிந்த பூவுக்குக் கீழே கறுப்புத் தட்டு ஒன்றைப் பிடித்து, மின்சாரப் பல்துலக்கியின் பின்புறத்தைக் காம்பில் வைத்தால் வெள்ளைத் தூள் உதிரும். அதை அந்தப் பச்சை நுனியில் ஒற்றினேன். மறுநாளும் ஒரு முறை. புல்லி இதழ்களில் இரண்டை நறுக்கிவிட்டேன். காய் பெருத்த பின்னும் அந்த நறுக்கு தெரியும் என்பதால் எந்தக் காய் கலப்பு என்ற குழப்பமே இல்லை. ஒன்பது பூக்களில் இரண்டு பிடித்தன. வெயில் 35 டிகிரியைத் தொட்ட வாரத்தில் செய்தவை எல்லாம் உதிர்ந்துவிட்டன. அந்த வெப்பத்தில் மகரந்தத்தின் உயிர்த்திறன் வெகுவாகக் குறைந்துவிடும்.

தாயாக எதை வைப்பது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. என் இளஞ்சிவப்பு ரகத்துக்கு உருளைக்கிழங்குச் செடியின் இலை போல விளிம்பு வெட்டில்லாத அகன்ற இலை. குட்டை ரகத்துக்கு வழக்கமான, ரம்பம் போல வெட்டுண்ட இலை. வெட்டுண்ட இலை ஓங்கு பண்பு, அதாவது இரண்டும் கலந்தால் வெளியே தெரிவது இதுதான். ஆகவே அகன்ற இலைச் செடியைத் தாயாக வைத்தால், பிறக்கும் நாற்றின் இலை வெட்டுப்பட்டிருந்தால் கலப்பு பிடித்தது, அகன்றிருந்தால் தாய் தன்னையே சூல் கொண்டது. மூன்றாவது இலை விரிந்ததுமே விடை தெரிந்துவிடுகிறது. இரண்டு காய்களின் விதையிலிருந்து பன்னிரண்டு நாற்று விட்டேன். பதினொன்றில் இலை வெட்டுண்டிருந்தது. அந்த நாற்றுத்தட்டின் முன் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

முதல் தலைமுறையைப் பார்த்து மனம் தளர வேண்டாம். செடி மறுபடியும் ஆளுயரம், பழம் சிவப்பு, சுவை சாதாரணம். குட்டையும் இல்லை, இளஞ்சிவப்பும் இல்லை. இரண்டும் ஒடுங்கு பண்புகள், உள்ளே மறைந்து கிடக்கின்றன. இந்தத் தலைமுறைச் செடிகள் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும் என்பதால் இரண்டே செடி வளர்த்து விதை எடுத்தால் போதும்.

இரண்டாம் தலைமுறையில்தான் பெட்டி திறக்கிறது. மெண்டல் 1866இல் பட்டாணியை வைத்து எழுதிய அதே கணக்கு: நான்கில் ஒன்று குட்டை, நான்கில் ஒன்று இளஞ்சிவப்பு, இரண்டும் சேர்ந்தது பதினாறில் ஒன்று. அப்படி ஒரு செடியாவது கிடைக்கும் என்று 95 விழுக்காடு நம்ப வேண்டுமென்றால் 47 செடிகளைப் பழம் வரும்வரை வளர்க்க வேண்டும். அவ்வளவு தொட்டிக்கு எங்கே போவது? குட்டைத்தனம் நாற்றிலேயே தெரியும் என்பதுதான் என்னைக் காப்பாற்றியது. குட்டை நாற்றின் தண்டு தடித்து நிற்கும், இலை கரும்பச்சையாகச் சுருக்கம் விழுந்திருக்கும். உயரப் போகும் நாற்று அதன் பக்கத்தில் வெளிறி, நீண்டு தெரியும். குழித்தட்டில் 96 விதை போட்டேன், 89 முளைத்தன, 21 குட்டை. மீதி 68 நாற்றுகளையும் பிடுங்கினேன். குட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டால் பதினொன்றே போதும், இளஞ்சிவப்பு வருவதற்கு அதே 95 விழுக்காடு வாய்ப்பு. பிடுங்குவது கஷ்டம்தான். ஆரோக்கியமான நாற்றைக் கையில் எடுத்து உரக்குழியில் போட மனம் வராது. ஆனால் இடம் குறைவாக உள்ளவர்களுக்கு வேறு வழி இல்லை. விதையை அள்ளிப் போடுங்கள், நாற்றிலேயே கழியுங்கள்.

இருபத்தொன்றில் பதினான்குக்குத்தான் இடம் இருந்தது. பழுத்தபோது தோலை உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சிவப்புப் பழத்தின் தோல் தேன் நிறத்தில் மஞ்சளாக இருக்கும். இளஞ்சிவப்புப் பழத்தின் தோலோ கண்ணாடித் தாள் போல நிறமே இல்லாமல் இருக்கும். இரண்டிலும் சதை ஒன்றுதான், தோல்தான் நிறத்தை மாற்றுகிறது. பதினான்கில் மூன்றின் தோல் நிறமற்று வந்தது. அந்த மூன்றில் ஒன்றில்தான் நான் தேடிய இனிப்பு இருந்தது.

ஒடுங்கு பண்பு வெளியே தெரிந்துவிட்டால் அது அங்கேயே நிலைத்துவிட்டது என்று பொருள். மூன்றாம் தலைமுறை முழுவதும் குட்டை, முழுவதும் இளஞ்சிவப்பு. இனி சுவையும் அளவும் மட்டும்தான் செடிக்குச் செடி மாறும். அங்கேதான் பெரிய அடி விழுந்தது. மையால் எழுதிய அடையாளச் சீட்டுகள் வெயிலில் வெளுத்துப் போயின. சிறந்த செடியின் விதையும் பக்கத்துச் செடியின் விதையும் எது எதுவென்று தெரியாமல் போயின. இரண்டையும் சேர்த்து விதைத்து மறுபடி சுவைத்துப் பிரிக்க ஒரு பருவம் முழுவதும் போயிற்று. இப்போது பென்சிலால் எழுதுகிறேன், ஒரு சீட்டைத் தொட்டி மண்ணுக்குள்ளும் புதைத்து வைக்கிறேன். நான்காம் தலைமுறைச் செடிகள் இப்போது காய்த்து நிற்கின்றன. உயரம் என் இடுப்பு.

*

வேலியோரம்:

உங்கள் இலைக் கணக்கைப் படித்ததும் என் தோட்டத்தில் நடந்த ஒன்று இப்போதுதான் புரிந்தது. நான் கலப்பே செய்யவில்லை. அகன்ற இலை ரகம் ஒன்றின் விதையை வருடாவருடம் எடுத்து வைப்பவள் நான். இரண்டு பருவத்துக்கு முன் இருபது நாற்றில் ஒன்று மட்டும் வெட்டுண்ட இலையோடு வந்தது. வேறு விதை கலந்துவிட்டது என்று நினைத்துப் பிடுங்கப் போனேன். மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்ததால் விட்டுவைத்தேன்.

அந்த ரகத்தின் பூவைக் கிட்டத்தில் பார்த்தால் சூல்முடி கூம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து மகரந்தத்தை உலுக்கும் காட்டுத் தேனீக்கள் எங்கள் தோட்டத்தில் நிறைய. பக்கத்துப் பாத்தியின் மகரந்தத்தோடு வந்த தேனீ அந்த நீட்டிய நுனியைத் தொட்டிருக்க வேண்டும். அந்தச் செடியின் விதையைப் போன பருவம் விதைத்தேன். பன்னிரண்டு செடியில் மூன்று அகன்ற இலைக்குத் திரும்பின. பழமோ மஞ்சள், சிவப்பு, தோள்பட்டையில் பச்சை விழுந்தது என்று ஒவ்வொன்றும் ஒரு விதம். ஒரு மஞ்சள் பழம் மிக நன்றாக இருந்தது, அதன் விதையைத் தனியாக வைத்திருக்கிறேன்.

தூய விதை வேண்டுபவர்கள் பூங்கொத்தை மெல்லிய வலைப்பையால் மூடிவிடுங்கள். காய் பிடித்ததும் பையைக் கழற்றிவிட்டுக் காம்பில் நூல் கட்டுங்கள்.

*

விதைக்குடுவை:

என் அனுபவம் ஏமாற்றத்தில் நிற்கிறது, அதனால் எழுதலாமா என்று யோசித்தேன். கொத்துக் கொத்தாகக் காய்க்கும் சிறு தக்காளியின் இனிப்பைப் பெரிய பழத்தில் கொண்டுவர ஆசைப்பட்டேன். முதல் தலைமுறைப் பழம் இரண்டுக்கும் சரிபாதியாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். சிறு பழத்தின் பக்கமே வெகுவாகச் சாய்ந்தது. இரண்டாம் தலைமுறையில் நாற்பது செடி வைத்தேன். ஒன்றுகூடப் பெரிய தாயின் அளவில் பாதியைத் தொடவில்லை.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: பழத்தின் அளவை ஒரு மரபணு தீர்மானிப்பதில்லை. 2000இல் பிரித்தெடுத்த ஒரு மரபணு மட்டுமே பழ எடையை முப்பது விழுக்காடு வரை மாற்றும் என்கிறார்கள், அதைப் போல இன்னும் பல இருக்கின்றன. எல்லாம் பெரிய பக்கமாகவே ஒரே செடியில் வந்து சேர வேண்டுமென்றால் நாற்பது செடி எம்மாத்திரம்?

அந்த நாற்பதில் ஒன்று செங்கல் கலந்த பழுப்பு நிறத்தில் பழுத்தது. பழுத்த பிறகும் பச்சையம் கரையாமல் சிவப்போடு சேர்ந்து நிற்பதால் வரும் நிறம் அது. இரண்டு பெற்றோரும் சிவப்பாக இருக்க, இது எங்கிருந்து வந்தது என்று வியந்தேன். சிறு ரகத்தின் விதையைக் கலப்பின ரகம் ஒன்றின் பழத்திலிருந்து எடுத்தது நினைவுக்கு வந்தது. பெரிய ரகத்தின் விதையும் பரிமாற்றத்தில் வந்ததுதான், அதன் பூர்வீகம் எனக்குத் தெரியாது. பெற்றோர் தூய வழியா என்று பார்க்காமல் கலப்பில் இறங்காதீர்கள். ஐயா, இந்த நிலையில் என்ன செய்யலாம் என்று சொல்ல முடியுமா?

*

மாடித் தொட்டி:

வேலியோரம் அம்மா, அந்த மஞ்சள் பழத்தின் விதையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மஞ்சள் சதை ஒடுங்கு பண்பு, ஆகவே அதன் பிள்ளைகளும் மஞ்சளாகவே வரும். சுவையை மட்டும் தேர்ந்தால் போதும். மூன்று அகன்ற இலைச் செடிகள் வந்ததாகச் சொன்னீர்களே, பன்னிரண்டில் மூன்று, கணக்கு அப்படியே நிற்கிறது.

விதைக்குடுவை நண்பருக்கு: நாற்பதில் மிக இனிப்பானதை எடுத்து மறுபடியும் பெரிய தாயோடு கலந்து பாருங்கள். அளவு பெரிய பக்கமாக நகரும். இனிப்பு கொஞ்சம் குறையும், அதை அடுத்த தலைமுறையில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். ஒரு தலைமுறை பின்னால் போனது போலத் தெரிந்தாலும், நாற்பது செடியையே திரும்பத் திரும்ப வளர்ப்பதைவிட இது விரைவு. பழுப்புப் பழத்தையும் தனிக் குடுவையில் போட்டு வையுங்கள். நாளைக்கு எதற்கு வேண்டியிருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது.

விதை எடுப்பது பற்றி ஒரு சொல். சாறோடு குடுவையில் இரண்டு மூன்று நாள் புளிக்க விட்டு, விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பு கரைந்ததும் அலசி, பீங்கான் தட்டில் பரப்பிக் காய வையுங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். தட்டின் அடியில் அப்போதே செடி எண்ணை எழுதிவிடுங்கள்.

நேற்று மாலை என் நான்காம் தலைமுறையில் ஏழாம் எண் செடியின் முதல் பழம் பழுத்தது. தோல் கண்ணாடியாக உரிந்தது. பாதியை வீட்டில் எல்லோருக்கும் கொடுத்தேன். மீதிப் பாதியின் விதைகள் இப்போது குடுவையில் புளித்துக்கொண்டிருக்கின்றன.