கவ்வாத்து மலையில் முறியும் வாதுகள்: மருந்து அடிக்கலாமா?

கேள்வி: நாவலப்பிட்டிப் பக்கம், வீட்டுத் தேயிலைக்காரி

வீட்டுக்குப் பின்னால் கால் ஏக்கர் தேயிலை இருக்கிறது. செடிகளைக் குட்டையாக்கிக் கவ்வாத்து வெட்டி இது மூன்றாவது வருடம். போன வாரம் கொழுந்து எடுக்கும்போது அம்மாவின் கையோடு ஒரு வாது, அதாவது கிளை, முறிந்து வந்துவிட்டது. பென்சில் தடிப்பு இருக்கும். முறிந்த இடத்தில் வாதைச் சுற்றி வளையம் மாதிரி ஒரு கறுப்புக் குழாய். கத்தியால் பிளந்து பார்த்தேன். வெள்ளைப் புழு ஏழும், எள்ளளவில் ஒரு கறுப்பு வண்டும் இருந்தன. மருந்துக் கடையில் ஒரு போத்தலைக் கொடுத்து வாரம் ஒரு தடவை அடிக்கச் சொன்னார்கள். அடிக்கலாமா? இந்தப் புழு மரத்தையா தின்கிறது?

பதில்: கொத்மலை, முப்பது வருடம் கவ்வாத்துக் கத்தி பிடித்தவன்

தங்கச்சி, போத்தலைத் திறக்க வேண்டாம். இது ஷொட் ஹோல் போரர். நாங்கள் துளைவண்டு என்போம். 1892 இல் உங்கள் நாவலப்பிட்டிப் பக்கத் தோட்டம் ஒன்றில்தான் தேயிலையில் முதலில் கண்டுபிடித்தார்கள். நடுமலைநாட்டில்தான் இதன் தொல்லை அதிகம்.

அது மரத்தைத் தின்பதில்லை. தாய் வண்டு வாய்க்குள் ஒரு பையில் பூஞ்சண வித்தைக் கொண்டுவந்து, குடைந்த குழாயின் சுவரில் விதைக்கும். நீங்கள் பார்த்த கறுப்பு அந்தப் பயிர் நின்ற தடம். புழுக்களுக்கு அதுதான் சாப்பாடு. ஆண் வண்டு பறக்காது, கூடப் பிறந்ததோடு சேர்ந்துவிட்டு அந்தக் குழாய்க்குள்ளேயே முடிந்துபோகும். பெண் மட்டும் வெளியே பறந்து அடுத்த வாதைத் தேடும். எறும்புக்கும் சிலந்திக்கும் அகப்படுவது அந்த நேரத்தில்தான். மற்ற நேரமெல்லாம் மரத்துக்குள் இருப்பதால் மேலே அடிக்கும் மருந்து அதைத் தொடாது.

அப்புறம் ஒன்று, இதை எங்கள் அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்தார். 1950களில் இந்த வண்டுக்கென்று தோட்டங்களில் டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்து அடித்தார்கள். கொழுந்தைச் சுருட்டும் புழு ஒன்று இருக்கிறது அல்லவா, அதற்காக 1930களில் ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். குளவி புழுவின் உடம்பில் முட்டையிட்டு அதை அடக்கி வைத்திருந்தது. டீல்ட்ரினில் குளவி செத்தது, சுருட்டுப்புழு மலை மலையாகக் கிளம்பிவிட்டது. உங்கள் கால் ஏக்கரிலும் அந்தக் குளவி இருக்கலாம். அதைக் கொன்றுவிடாதீர்கள்.

முறிந்த வாதை முறிவுக்குக் கீழே சுத்தமாக வெட்டிவிடுங்கள். செடிக்கு உரம் குறையாமல் பாருங்கள். பலமான செடி துளையைத் தானே மூடிக்கொள்ளும். மூடாத பழைய குழாய் வழியாகத்தான் கறையான் ஏறும், எனக்குப் பயம் அதில்தான்.

பதில்: தலவாக்கலை

எங்கள் குளிருக்கு இந்த வண்டு குறைவு. எங்களுக்கு மண்ணுக்குள் வேரைக் கடிக்கும் வெண்புழுதான் தலையிடி. கொத்மலை அண்ணன் சொன்னது சரி. ஒன்று கேட்கிறேன், வேலியில் ஆமணக்கு நிற்கிறதா? இந்த வண்டு அதிலும் குடும்பம் நடத்தும்.

கேட்டவர் மறுபடியும்

நிற்கிறது. ஐந்து ஆமணக்கு. அம்மா விதைக்காக வைத்தது. இன்று காலை ஒரு கிளையை வெட்டிப் பிளந்தேன், அதே கறுப்புக் குழாய். வாய்ப்பக்கத்தில் தாய் வண்டு ஒன்று பின்பக்கத்தால் வழியை அடைத்துக்கொண்டு அசையாமல் இருந்தது. ஈர்க்கால் தொட்டும் நகரவில்லை. ஐந்தையும் வெட்டிவிடலாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார். போத்தலைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன், காசுக்குப் பதில் உரம் தந்தார்கள். அண்ணா, கறையான் ஏறியிருந்தால் வாதில் எப்படித் தெரியும்?

கொத்மலை

வாதில் மண் பூச்சு ஓடியிருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டாலும் கத்திப் பிடியால் தட்டுங்கள், பொள்ளல் சத்தம் கேட்டால் உள்ளே காலி. அந்த வாதை அடியோடு எடுங்கள். மழைக்கு முன்னால் செய்யுங்கள், தங்கச்சி.