மலையகப் பாடசாலைகளில் விவாத அணியைப் பயிற்றுவித்தல்: அனுபவமுள்ள பயிற்றுநர்களிடம் ஒரு கேள்வி

கேள்வி: தமிழாசிரியை, மஸ்கெலியா

அனைவருக்கும் வணக்கம். மஸ்கெலியாப் பகுதியிலுள்ள ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். எங்கள் மாணவர்களிடம் குரல்வளமும் மனனத் திறனும் நிறையவே இருக்கின்றன. தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிகளில் கோட்ட மட்டத்தையும் வலய மட்டத்தையும் தாண்டிச் செல்லக்கூடிய பிள்ளைகள் ஆண்டுதோறும் கிடைக்கிறார்கள். ஆனால் விவாதம் என்று வந்துவிட்டால் நிலைமை வேறாகிவிடுகிறது. முதற்பேச்சாளர் கம்பீரமாகத் தொடங்குகிறார். எதிரணியிலிருந்து ஒருவர் எழுந்து, எதிர்பாராத இரண்டு கேள்விகளைக் கேட்டதும் அணி முழுவதும் தடுமாறிப் போகிறது.

பழைய மாணவர்கள் சிலருடைய முயற்சியால், கொழும்பிலிருந்து அனுபவமுள்ள பயிற்றுநர் ஒருவர் இடையிடையே வந்து போகிறார். ஒவ்வொரு தலைப்புக்கும் இரு தரப்பு உரைகளையும் அவரே எழுதிக்கொடுத்து, பிள்ளைகள் அவற்றை ஏற்ற இறக்கத்துடன் பேசிப் பழகும்வரை பொறுமையாக உடனிருக்கிறார். அவருடைய அக்கறையில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் எழுதியவருக்கே தெரிந்த நியாயங்களை, எழுதாத பிள்ளை மேடையில் நின்று எப்படிக் காப்பாற்றும் என்ற கேள்வி எனக்குள் இருந்துகொண்டே இருக்கிறது.

பல ஆண்டுகளாக விவாதம் பயிற்றுவித்து வருகின்றவர்கள், பேசி மட்டுமே பழகிய பிள்ளைகளை விவாதிகளாக்குவதற்கு எதை முதலில் கற்பிக்கிறீர்கள்? தோட்டத்தின் மேற்பிரிவுகளிலிருந்து வருகின்ற பிள்ளைகள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருப்பதால், பாடசாலை முடிந்த பின் எங்களுக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான் என்பதையும் மனதிற்கொண்டு பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், விவாதப் பயிற்றுநர், கண்டி

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் ஐயம் நியாயமானது. நான் பயிற்றுவித்த அணிகளில் எந்தப் பிள்ளைக்கும் உரை எழுதிக்கொடுப்பதில்லை என்பதை ஒரு விதியாகவே வைத்திருந்தேன். அதனால் தொடக்கத்தில் சில போட்டிகளை இழக்க நேரிடும். அதற்கு அதிபரையும் பெற்றோரையும் முன்கூட்டியே ஆயத்தப்படுத்திவிட வேண்டும்.

முதலில் கற்பிக்க வேண்டியது கேட்பதை. பேச்சுப் போட்டியில் வளர்ந்த பிள்ளை, எதிரணி பேசும்போது தன்னுடைய அடுத்த வரியை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும். எனவே முதல் சில வாரங்களுக்கு யாரையும் மேடையில் ஏற்றாமல், ஒரு பெரிய தாளைப் பேச்சாளர்களின் எண்ணிக்கைக்கேற்ப நெடுக்காக மடித்து, ஒவ்வொரு பேச்சாளருக்கும் ஒரு நிரலை ஒதுக்கி, எதிரணி சொன்னதை ஒரு நிறப் பேனையாலும் நாங்கள் சொல்லப்போகும் மறுப்பை இன்னொரு நிறப் பேனையாலும் குறிக்கப் பழக்குங்கள். முழு வாக்கியம் எழுத இடமளிக்காதீர்கள். கருத்துக்கு மூன்று நான்கு சொற்கள் போதும். போட்டி முடியும்போது எந்தக் கருத்துக்குப் பக்கத்தில் மறுப்பு எழுதப்படாமல் வெறுமையாக இருக்கிறதோ, தோல்விக்கான காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அடுத்த பயிற்சி இருவர் இருவராகச் செய்வது. ஒருவர் ஒரு நிமிடம் ஒரு கருத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர் அதை மறுப்பதற்கு முன், முதலாமவர் 'ஆம், நான் சொன்னது அதுதான்' என்று ஒப்புக்கொள்ளும்வரை அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு இது மிகவும் கடினமாக இருக்கும், சிலர் சலித்துக்கொள்வார்கள். ஆனால் எதிராளியின் கருத்தைத் திரித்து எளிதாக்கி மறுக்கும் பழக்கம் இதனால்தான் ஒழிகிறது.

காரணம் காட்டுதலைக் கற்பிக்க, பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தெரிந்த ஒரு தலைப்பை எடுங்கள். 'பெருந்தோட்டங்களில் நாட்சம்பள முறையைக் கைவிட்டு, தேயிலைக் காணியைத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பராமரிக்கப் பிரித்துக் கொடுத்து, அவர்கள் பறிக்கும் கொழுந்தை விலைக்கு வாங்க வேண்டும்' என்பது அப்படியொரு தலைப்பு. இதை ஆதரித்துப் பேசும் பிள்ளை, 'இம்முறை எம் மக்களுக்கு விடியலைத் தரும்' என்று தொடங்கும். அங்கேயே நிறுத்தி, 'எப்படி?' என்று கேளுங்கள். 'உழைப்புக்கேற்ற வருமானம் கிடைக்கும்' என்று பதில் வரும். மறுபடியும் 'எப்படி?' என்று கேட்டால், நாட்சம்பளத்தில் தொழிலாளியின் வருமானம் வேலை கொடுக்கப்படும் நாட்களின் எண்ணிக்கையிலும் கிலோக் கணக்கிலும் தங்கியிருக்கிறது என்பதையும், புதிய முறையில் குடும்பமே தன் நேரத்தைத் திட்டமிடலாம் என்பதையும் பிள்ளை தானாகவே கண்டுபிடிக்கும். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டபின், ஒரு நாளைக்கு எத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்பதைப் பற்றித் தோட்டங்களில் எழுந்த சர்ச்சைகளைப் பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கும் பிள்ளைகள்தானே இவர்கள்.

பிறகு அதே பிள்ளையை மறுபக்கம் நிறுத்துங்கள். வறட்சியிலோ விலைச் சரிவிலோ ஏற்படும் நட்டத்தை இனி யார் சுமப்பது? தொழில்வழங்குநர் ஊழியர் சேமலாப நிதிக்குச் செலுத்தும் 12 வீதத்துக்கும் ஊழியர் நம்பிக்கை நிதிக்குச் செலுத்தும் 3 வீதத்துக்கும் என்ன நடக்கும்? இலங்கையின் தேயிலையில் பெரும்பங்கைச் சிற்றுடைமையாளர்களே உற்பத்தி செய்கிறார்கள், ஆகவே இது வெற்றிபெறும் என்று முதலில் வாதிட்ட பிள்ளை, இப்போது தானே எழுந்து, சிற்றுடைமையாளருக்குக் காணி உரிமை இருக்கிறது, இங்கே காணி உரிமை கிடைக்குமா என்பது தலைப்பிலேயே இல்லை என்று அந்த ஒப்பீட்டை உடைக்கக் கற்றுக்கொள்ளும். எந்தப் பக்கம் பேசுவது என்பதை நாணயத்தைச் சுண்டித்தான் தீர்மானிக்க வேண்டும். தான் நம்பும் பக்கத்தை மட்டுமே பேசிப் பழகிய பிள்ளை, அந்த நம்பிக்கைக்கு என்ன ஆதாரம் என்பதை ஒருநாளும் சோதித்துப் பார்ப்பதில்லை.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். உரை முடிந்ததும் ஒரு மணித்தியாலம் குறை சொல்வதால் பயனில்லை. ஒரேயொரு திருத்தத்தைச் சொல்லி, அதே பிள்ளையை அதே உரையை உடனே மறுபடியும் பேசச் சொல்லுங்கள். முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் இடையில்தான் கற்றல் நிகழ்கிறது. நேரம் குறைவான உங்கள் பாடசாலைக்கு இது மிகவும் பொருந்தும்.

பதில்: முன்னாள் விவாதி, பொகவந்தலாவை, தற்போது பேராதனைப் பல்கலைக்கழக மாணவி

டீச்சர், உங்கள் கேள்வியை வாசித்தபோது எங்கள் பாடசாலை அணியையே பார்ப்பதுபோல் இருந்தது. ஐயா சொன்ன பயிற்சிகளைப் போன்ற சிலவற்றை எங்களுக்கும் செய்வித்தார்கள். ஆகவே மாணவர்களின் பக்கத்திலிருந்து சில விடயங்களைச் சேர்க்கிறேன்.

பயிற்சியில் பிள்ளை யோசித்துக்கொண்டே பேசும்போது மொழியைத் திருத்த வேண்டாம். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பேசும் தமிழிலேயே நியாயத்தை முதலில் சொல்லி முடிக்கட்டும். 'அப்படிச் சொல்லக்கூடாது, இப்படிச் சொல்ல வேண்டும்' என்று நடுவில் குறுக்கிட்டால், பிள்ளை சொல்லைத் தேடிப்போய் நியாயத்தைத் தொலைத்துவிடுகிறது. நகரத்துப் பாடசாலைகளுடன் மோதும்போது எங்களில் பலர் வாயடைத்துப் போனதற்குக் காரணம் அறிவுக் குறைவு அல்ல. எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிடுவார்களோ என்ற அச்சம்தான். நியாயம் உறுதியானபின் அதை மேடைத் தமிழுக்குக் கொண்டுவருவதற்குத் தமிழாசிரியையான உங்களைவிட வேறு யார் வேண்டும்?

தலைப்புகளைப் பொறுத்தவரை, தோட்டத்தைப் பற்றிய தலைப்புகளில் தொடங்குவது நல்லது. ஆனால் அவற்றிலேயே நின்றுவிடக்கூடாது. மலையகப் பிள்ளை என்றால் சம்பளத்தையும் லயத்தையும் பற்றித்தான் பேச வரும் என்று மற்றவர்கள் நினைப்பதற்கு நாங்களே இடங்கொடுத்தவர்கள் ஆகிவிடுவோம். செயற்கை நுண்ணறிவு, மரண தண்டனை, சர்வதேச நாணய நிதியத்தின் கடன் நிபந்தனைகள் என்று எல்லாவற்றையும் அவர்கள் கையில் கொடுங்கள். இணைய வசதி இல்லாத பிள்ளைகளுக்காகப் பத்திரிகை நறுக்குகளைத் தலைப்புவாரியாகக் கோவைகளில் சேர்த்து வையுங்கள். பாராளுமன்ற விவாதங்களின் அறிக்கையான ஹன்சார்ட்டில், தமிழில் ஆற்றப்பட்ட உரைகள் தமிழிலேயே அச்சிடப்படுகின்றன. அவற்றிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து, இதில் எது நியாயம், எது வெறும் முழக்கம் என்று பிரிக்கச் சொன்னால் அதுவே ஒரு நல்ல பயிற்சி.

பெண் பிள்ளைகளின் பெற்றோரை ஒருமுறையாவது நேரில் சந்தியுங்கள் டீச்சர். எத்தனை மணிக்குப் பயிற்சி முடியும், யாருடன் திரும்பி வருவார்கள் என்பது தெரியாததனால்தான் பல அம்மாமார் மறுக்கிறார்கள். ஒரே தோட்டத்துப் பிள்ளைகளைச் சோடியாகத் தெரிவுசெய்தால் அந்தக் கவலையில் பாதி தீர்ந்துவிடும்.

பதில்: விவாத நடுவர், பதுளை

கண்டி ஐயாவின் கருத்துகளோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் மனனத்தை முற்றாக ஒதுக்குவதை ஏற்க முடியவில்லை. விவாதத்தில் முதற்பேச்சாளரின் தொடக்கம், வரைவிலக்கணம், அணியின் பிரதான நிலைப்பாடு ஆகியவை முன்கூட்டியே செப்பனிடப்பட்டிருப்பதில் தவறில்லை. தயக்கமின்றித் தொடங்கும் பேச்சாளரால் அணி முழுவதற்கும் தைரியம் பிறக்கிறது. இரண்டாம் பேச்சாளரின் உரையில் ஒரு பகுதியும் மூன்றாம் பேச்சாளரின் உரையில் பெரும்பகுதியும் அரங்கிலேயே உருவாக வேண்டும். மனனம் செய்த உரையை மூன்றாம் பேச்சாளர் ஒப்புவிப்பதைக் கேட்கும் நடுவர், அவர் அதுவரை நடந்த விவாதத்தில் பங்கெடுக்கவேயில்லை என்று முடிவுசெய்துவிடுவார்.

புள்ளி வழங்கும் முறையைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லுங்கள். எங்கள் போட்டிகளில் ஏற்பாட்டாளருக்கு ஏற்றாற்போல விதிகள் மாறுவதால், முதலில் விதித்தாளை வாங்கி அணியோடு சேர்ந்து வாசியுங்கள். ஒரு அளவுகோலாக, 1988இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கிய உலகப் பாடசாலைகள் விவாதப் போட்டியின் முறையை எடுத்துக்கொள்ளலாம். அங்கு அணிக்கு மூவர் எட்டு நிமிடம் வீதம் பேசுகின்றனர். உள்ளடக்கத்துக்கு 40, நடைக்கு 40, உத்திக்கு 20 என்று புள்ளிகள் பிரிக்கப்படுகின்றன. எங்கள் பிள்ளைகள் நடையில் குறைவைப்பதில்லை. உத்தி என்பது நேரத்தைப் பங்கிடுவதும், எந்தக் கருத்து முக்கியமானது என்பதை அறிந்து அதற்கு இடமளிப்பதும்தான். அங்கேதான் அவர்கள் புள்ளிகளை இழக்கிறார்கள்.

உரையின் முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் தவிர்ந்த ஏனைய நேரத்தில் எதிரணியினர் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கலாம் என்பதும் அம்முறையின் ஒரு விதி. கேள்வியை ஏற்பதா மறுப்பதா என்று பேச்சாளரே தீர்மானிக்கலாம். உங்கள் அணி தடுமாறுவது இந்த இடத்தில்தான் என்பதால், பயிற்சியின்போது பேசிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் வேண்டுமென்றே கேள்விகளைத் தொடுக்க வையுங்கள். தன் வாக்கியத்தை முடித்து, கேள்வியை ஏற்று, சுருக்கமாகப் பதில் சொல்லி, விட்ட இடத்திலிருந்து தொடரும் பழக்கம் கைவந்துவிட்டால் அச்சம் தானாக நீங்கும்.

தொகுப்புரையைப் பற்றியும் ஒரு சொல். உலகப் பாடசாலைகள் போட்டியில் அது நான்கு நிமிடம். முதலாம் அல்லது இரண்டாம் பேச்சாளரே அதை ஆற்ற வேண்டும். புதிய கருத்துக்கு இடமில்லை. சொன்னதையெல்லாம் வரிசையாகத் திரும்பச் சொல்வதை விடுத்து, விவாதம் எந்த இரண்டு மூன்று கேள்விகளில் தங்கியிருந்தது, அவற்றில் யாருடைய பதில் எத்தனை பேரை எவ்வளவு ஆழமாகப் பாதிக்கிறது என்று நிறுத்துக் காட்டும் அணிக்கே நான் புள்ளி வழங்குகிறேன்.

தமிழாசிரியை, மஸ்கெலியா

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. பயிற்றுநர் வராத வாரங்களில் விவாதங்களுக்கு நடுவராக யாரை வைப்பது? உரை எழுதிக்கொடுக்கும் அவரிடம் இந்த மாற்றத்தை மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், கண்டி

நடுவராகப் பிள்ளைகளையே வையுங்கள். பேசாத மூவரை நடுவராக அமர்த்தி, யார் வென்றார்கள் என்பதையும் எந்தக் கருத்தினால் வென்றார்கள் என்பதையும் தங்கள் குறிப்புத்தாளைக் காட்டிச் சொல்லச் சொல்லுங்கள். மூவரும் கலந்து பேசாமல், தனித்தனியாகத் தீர்ப்பை எழுதிய பின்னரே வாசிக்க வேண்டும். பிறருடைய விவாதத்துக்குத் தீர்ப்பெழுதிப் பழகிய பிள்ளை, தன்னுடைய உரையை நடுவர் எப்படிக் கேட்பார் என்பதை விரைவில் உணர்ந்துகொள்ளும். தரம் 9, 10 பிள்ளைகளையும் இதற்கு அழைத்தால் அடுத்த ஆண்டுக்கான அணியும் அங்கேயே உருவாகிவிடும்.

கொழும்பிலிருந்து வருபவரிடம், உரை எழுத வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. அடுத்த வருகையில் பிள்ளைகள் தாங்களே ஆயத்தம் செய்த உரைகளோடு இருப்பார்கள், நீங்கள் எதிரணியாக நின்று அவர்களோடு விவாதிக்க வேண்டும் என்று கேளுங்கள். அத்தனை தலைப்புகளுக்கும் இரு பக்கமும் எழுதக்கூடிய ஒருவரைவிடச் சிறந்த எதிராளி எங்கள் பிள்ளைகளுக்கு மலையகத்தில் எளிதில் கிடைக்கமாட்டார். விவாதம் முடிந்ததும், தாம் எந்த இடத்தில் பதில் சொல்லச் சிரமப்பட்டார் என்பதை அவரே பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். அதன்பின் அதே தலைப்பில், பக்கம் மாறி, இன்னொரு சுற்று நடத்துங்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டால் அந்த இரண்டாம் சுற்றை மறுநாள் காலைக் கூட்டத்துக்கு முன் வைத்துக்கொள்ளலாம்.