புதுப்பிப்பு: ஆடுகிற டெக்கைப் பார்த்தாயிற்று

கனடாவில், ஸ்காபரோவில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் மர டெக் (வீட்டோடு ஒட்டி வெளியே இருக்கும் திறந்த மேடை), நாலு பேர் ஏறினால் ஆடுகிறது, மேல் பலகையை மட்டும் மாற்றினால் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போதாது.

வேலை தெரிந்த அண்ணர் ஒருவர் வந்தார். மேல் பலகையை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே கீழே குனிந்து, டெக்கை வீட்டுச் சுவரோடு பிடித்திருக்கும் லெட்ஜர் பலகைக்குத்தான் போனார். டெக்குகள் இடிந்து விழுவது பெரும்பாலும் அந்த இணைப்பு விடுவதால்தானாம். எங்களுடையது வெறும் ஆணியில் நின்றது! சுவரை விட்டு இழுபட்டால் ஆணி கழன்று வந்துவிடும். அரை அங்குல போல்ட்டோ, லாக் ஸ்க்ரூ என்கிற தடித்த மரத் திருகாணியோ வேண்டும். மேலே தண்ணீர் தடுக்கும் தகரமும் இல்லை. மழை இறங்கி இறங்கிப் பலகை உக்கி, ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் புட்டுக்குள் போவதுபோல் போகிறது.

தூண்கள் பரவாயில்லை. ஒரு தூணடியைக் கிண்டிப் பார்த்தோம். அத்திவாரம் 4 அடி ஆழம் தாண்டுகிறது, குளிரில் மண் உறைந்து தூக்காது. டெக் ஓரத்துக் கைபிடி எவ்வளவு உயரம் இருக்கவேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார்: எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் டெக் 1.8 மீட்டருக்கு மேல் உயரமென்றால் கைபிடி 1070 மில்லிமீட்டர் வேண்டும். எங்களுடையது தாழ்வு, 900 போதும்.

இன்னொன்று. 2004க்குப் பிறகு வந்த பதப்படுத்திய மரங்களில் செம்பு அதிகம், அது சாதாரண ஆணியை அரித்துவிடும். உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்த ஆணியையோ ஸ்டெயின்லெஸ் ஆணியையோ வாங்குங்கள்.

புது லெட்ஜர் ஏறும்வரை டெக் கதவு பூட்டு. மிளகாய் காயப்போட இடமில்லை என்று மாமி முறைப்பாடு.