பிரிசெப்ட்: கட்டளையா, மேல்வரியா, கேட்பா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

லண்டன் ஹாரோவில் நாங்கள் நடத்தும் முதியோர் கூடத்துக்காக, கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்குக் கட்டும் உள்ளாட்சி வரி) பில்லை விளக்கி ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். பில்லில் மூன்று வரிகள் இருக்கும். (எந்த 'வரி' என்று கேட்காதீர்கள், இந்த மொழியில் இந்தத் தொல்லை தீராது.) முதலாவது நம் பரோ (லண்டனின் உள்ளாட்சிப் பகுதி) கவுன்சிலின் செலவு. இரண்டாவது முதியோர் பராமரிப்புக்கு. மூன்றாவது 'கிரேட்டர் லண்டன் அத்தாரிட்டி', அதாவது மேயரின் நிர்வாகம். கூட வரும் விளக்கத்தாளில் இந்த மூன்றாவதைப் 'பிரிசெப்ட்' என்கிறார்கள். போலீஸ், தீயணைப்பு, பஸ், ரயில் எல்லாம் அதற்குள் வருகிறது.

கூடத்துக்கு வருகிற பெரியவர்களில் பாதிப்பேர், பில்லில் உள்ள மொத்தமும் குப்பை அள்ளவே போகிறது என்று நினைத்துக் கவுன்சிலைத் திட்டுகிறார்கள். 'பிரிசெப்ட்' என்று அப்படியே எழுதினால் பயனில்லை. தமிழில் ஒரு சொல் வேண்டும். வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது.

– ஹாரோவிலிருந்து

* * *

அம்மா, அகராதியில் நீதிமொழி, அறவுரை, கட்டளை என்று மூன்று பொருள் இருக்கிறது. முதல் இரண்டும் இங்கே பொருந்தா. 'கட்டளை வரி' என்று போட்டு முடியுங்கள். இதற்கு ஏன் விவாதம்?

– கோவையிலிருந்து

* * *

கோவை ஐயாவுக்கு, ஒரு திருவாரூர்க்காரனின் முறையீடு. எங்கள் ஊரில் கட்டளை என்றால் கோயில்தான். அபிஷேகக் கட்டளை, உள்துறைக் கட்டளை, ராஜன் கட்டளை. யாரோ ஒரு புண்ணியவான் எழுதிவைத்த நிலத்தின் வருமானத்தில் பூசை நடக்கும். 'லண்டன் மேயர் கட்டளை' என்று படித்தால் என் அப்பா, 'எந்தச் சன்னிதிக்கு?' என்றுதான் கேட்பார்.

* * *

பிள்ளை, நான் ஈஸ்ட்ஹாமில இருந்து எழுதிறன். சொல்லைப் பற்றி எனக்குப் பெரிசாத் தெரியாது. ஆனா பில் தெரியும், முப்பது வருசமாக் கட்டிறன்.

எனக்கு முன்னால இப்ப 2024-25 பில் இருக்கு. வீடுகளை மதிப்பைப் பாத்து 'ஏ'யில இருந்து 'எச்' வரை வகை பிரிச்சிருக்கினம், 'டி'தான் அளவுகோல். அந்த வருசம் 'டி' வகை வீட்டுக்கு மேயற்ற பங்கு 471 பவுண்ட் 40 பென்ஸ். அதில 305.13 பொலிசுக்கு மட்டும். மிச்சம் 166.27தான் தீயணைப்பு, போக்குவரத்து, சிற்றி ஹோல் (மேயற்ற அலுவலகம்) எல்லாத்துக்கும். என்ர பிளாட் 'சி' வகை, ஒன்பதில எட்டுப் பங்கு, அப்ப 419.02. மனுசி போனபிறகு நான் தனி ஆள், கால்வாசி கழிச்சு 314 சொச்சம் கட்டினன்.

ஒரு புதினம் சொல்லிறன். நடு லண்டனில 'சிற்றி ஒஃப் லண்டன்' எண்ட சதுர மைலுக்குள்ள இருக்கிறவை இந்த 166.27 மட்டும்தான் கட்டுவினம். அவைக்குத் தனிப் பொலிஸ் இருக்கு, மெற் பொலிசுக்கு அவை காசு குடுக்கத் தேவையில்லை. ஒரே மேயர், ஒரே பஸ், ஆனால் பில் வேற. அதால நீங்கள் போடிற சொல் 'பொலிஸ் வரி' எண்டும் இருக்கேலாது, 'பஸ் வரி' எண்டும் இருக்கேலாது.

* * *

'சார்வரி' என்றால் என்ன? கவுன்சில் வரியைச் சார்ந்து வருவதால். சுருக்கமாகவும் இருக்கிறது.

* * *

தம்பி, சார்வரி தமிழ் வருடத்தின் பெயர். 2020 சித்திரையில் பிறந்தது. ஊரடங்கில் லண்டன் ரயில்கள் காலியாக ஓடி, டிக்கெட் வருமானம் விழுந்து, மே மாதமே அரசிடம் கையேந்தினார்களே, அதே வருடம். பொருத்தம் பிரமாதம், ஆனால் வேண்டாம்.

* * *

வணக்கம். கும்பகோணம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு நகராட்சியின் வருவாய்ப் பிரிவில் முப்பது ஆண்டு குப்பை கொட்டியவன் என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்ல அனுமதியுங்கள்.

இதுவரை எல்லாரும் சொல்லைப் பார்த்தே சொல் தேடினோம். அந்தக் காசு எப்படி உருவாகிறது என்று பார்த்தால் சொல் தானாக வரும்.

எங்கள் ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்கு வரி போடுவார்கள். முதலில் செலவுக் கணக்கு: பந்தல், மேளம், கரகாட்டம், வாணம், அன்னதானம். அதில் போன வருடக் கையிருப்பையும் உண்டியலையும் கழிப்பார்கள். துண்டு விழுகிற தொகையைத் தலைக்கட்டு எண்ணிக்கையால் வகுப்பார்கள். கைம்பெண் தனியாக இருக்கும் வீடு அரைத் தலைக்கட்டு. வகுத்து வந்த தொகைதான் தலைக்கட்டு வரி. இந்த வருடம் கரகாட்டக் கோஷ்டி பெரியது என்றால் வரியும் ஏறும். யாரும் 'நூற்றுக்கு இத்தனை' என்று தொடங்குவதில்லை.

லண்டனிலும் இதேதான் நடக்கிறது. மேயர் முதலில் செலவைக் கூட்டுகிறார். போலீசுக்கு உள்துறை தரும் மானியம், கடைகளும் அலுவலகங்களும் கட்டும் வணிகச் சொத்து வரியில் தன் பங்கு, ரயில் பஸ் டிக்கெட், 2003 முதல் காருக்கு வாங்கும் நெரிசல் கட்டணம் எல்லாவற்றையும் கழிக்கிறார். மிச்சத்தை, லண்டன் வீடுகள் எல்லாம் சேர்ந்து எத்தனை 'டி' வீட்டுக்குச் சமம் என்ற கணக்கால் வகுக்கிறார். 'ஏ' வீடு ஒன்பதில் ஆறு, 'எச்' வீடு இரட்டிப்பு. ஈஸ்ட்ஹாம் அண்ணனுக்குக் கழிந்த கால்வாசி, நம் அரைத் தலைக்கட்டின் ஒன்றுவிட்ட சொந்தம். வகுத்த பிறகு 32 பரோக்களுக்கும் சிட்டிக்கும் சொல்லியனுப்புகிறார்: 'உங்கள் பில்லில் சேர்த்து வாங்கி எனக்கு அனுப்புங்கள்.' மேயரிடம் வரி வசூலிக்கிற ஆளும் இல்லை, பில் அடிக்கிற அலுவலகமும் இல்லை. இந்தச் சொல்லியனுப்புதல்தான் பிரிசெப்ட்.

அதனால்தான் 'மேல்வரி' பொருந்தாது. (யாராவது அதைச் சொல்லுமுன் நானே முந்திக்கொள்கிறேன்.) மேல்வரி என்பது இன்னொரு வரியின் மேல் ஏற்றும் கூடுதல் வரி, அதற்கு விகிதம்தான் முதலில். லண்டனிலேயே அப்படி ஒன்று உண்டு. எலிசபெத் ரயில் பாதையைக் கட்ட 2010 ஏப்ரல் முதல், பெரிய வணிகக் கட்டடங்களின் வரிமதிப்பில் பவுண்டுக்கு 2 பென்ஸ் கூடுதலாக வாங்குகிறார்கள். அது சுத்தமான மேல்வரி. அந்தச் சொல்லை அதற்கு விட்டுவைப்போம். இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் அடுத்த துண்டறிக்கையில் மாட்டிக்கொள்வோம்.

நம் பக்கத்தில் இதற்கு ஒப்பு நூலக வரி. 1948ஆம் ஆண்டு சட்டத்திலிருந்து வருவது. இன்று சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. வாங்குவது நகராட்சி, சேர வேண்டியது நூலக ஆணைக்குழுவுக்கு. ஒருவர் பில்லில் இன்னொருவர் காசு. ஆனால் இங்கே விகிதம்தான் முதலில் என்பதால் பாதி ஒப்புதான். இன்னொரு வித்தியாசத்தையும் சொல்லியாக வேண்டும். நான் வேலை பார்த்த இடத்தில் நூலக வரியை ஒழுங்காக வசூலிப்போம், ஒழுங்காக அனுப்ப மாட்டோம். மாதக் கடைசியில் சம்பளத்துக்குக் குறைந்தால் கை முதலில் அந்தக் கணக்குக்குத்தான் போகும். நூலகத்திலிருந்து வரும் நினைவூட்டுக் கடிதங்களைக் கோப்பில் கட்டிவைத்த புண்ணியம் எனக்கும் உண்டு. லண்டனில் அது நடக்காது. கவுன்சில் வரிக்கென்று தனிப் பெட்டி. வீட்டுக்காரர் கட்டினாலும் கட்டாவிட்டாலும் மேயரின் தவணை குறித்த நாளில் முழுசாகப் போய்விட வேண்டும். குறைந்ததோ மிஞ்சியதோ, பின்னால் பங்கு பிரித்துக்கொள்வார்கள்.

சரி, சொல். எங்கள் பதிவேட்டில் மூன்று பத்திகள்: கேட்பு, வசூல், நிலுவை. கேட்பு என்றால் இவ்வளவு தர வேண்டும் என்று விதித்துக் கேட்ட தொகை. தமிழ்நாட்டில் எந்த நகராட்சிக் கவுண்டரிலும் புரிகிற சொல். பிரிசெப்ட் என்பதும் ஒரு கேட்புதான், கேட்கப்படுவது வீடு அல்ல, கவுன்சில். எனவே 'வரிக்கேட்பு'. கேட்கிற மேயர் நிர்வாகம் 'கேட்பு அமைப்பு', வாங்கித் தரும் பரோ 'வசூல் மன்றம்', நடுவில் உள்ள பெட்டி 'வசூல் நிதி'. நான்கும் ஒரே குடும்பமாக நிற்கின்றன. 'கட்டளை'யில் இது வராது, 'கட்டளையிடும் அமைப்பு' என்றால் ராணுவம்போல் ஒலிக்கிறது.

* * *

கும்பகோணத்து ஐயா மடல் அருமை. கல்வெட்டு படிக்கிறவன் என்ற முறையில் ஒரு சின்ன ஆசை. சோழர் காலத்தில் ஊர்க்காவலுக்கென்று வாங்கிய வரிக்குப் 'பாடிகாவல்' என்று பெயர். அந்த 305.13 பவுண்டை அப்படி எழுதலாமே? வரிக்கணக்கு பார்த்த அலுவலகத்துக்குக்கூடப் 'புரவுவரித் திணைக்களம்' என்றுதான் பெயர். திணைக்களத்தை ஈழத்தவர் இன்றும் விடாமல் வைத்திருக்கிறார்கள். நாம்தான் 'துறை' என்று சுருங்கிவிட்டோம்.

* * *

பாடிகாவல் கேக்க நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா எங்கட சனம் அதை 'பொடிகார்ட்' எண்டு வாசிக்கும். மேயருக்குப் பொடிகார்ட் வைக்க 305 பவுண்டா எண்டு சண்டைக்கு வருவினம்.

* * *

சிரித்து முடிக்க நேரமானது. எல்லோருக்கும் நன்றி.

'காவல் பங்கு', 'பயணப் பங்கு' என்று எளிதாகவே போட்டிருக்கிறேன். பங்கு என்ற சொல் இங்கே உதவுகிறது, ஏனென்றால் கேட்பு ஒன்று, அதற்குள் உருப்படிகள் பல. 2022-23இல் 'டி' வீட்டுக்கு 31.93 பவுண்டு ஏற்றினார்கள்: 20 போக்குவரத்துக்கு, 10 போலீசுக்கு, மிச்சம் 1.93 தீயணைப்புக்கு. ஒலிம்பிக்குக்காக 2006 முதல் வருடத்துக்கு 20 பவுண்டு கட்டினோமே, அதுவும் இதற்குள் இருந்த ஒரு பங்குதான். அந்த வருடம் நான் லண்டனுக்கு வந்து இறங்கியிருந்தேன். ஓடவும் இல்லை, பார்க்கவும் இல்லை, காசு மட்டும் கொடுத்தேன்.

கூடத்தில் அடிக்கடி வரும் இன்னொரு குழப்பத்தையும் சேர்த்துவிட்டேன். இலவசப் பயணத்துக்கு அறுபது வயதில் கிடைக்கும் ஓய்ஸ்டர் அட்டை மேயர் பக்கத்துச் செலவு, அதற்குப் பின் வரும் ஃப்ரீடம் பாஸ் என்ற இலவசப் பயண அட்டை பரோ பக்கத்துச் செலவு. ஒரே பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கும் தங்கைக்கும் வேறு வேறு பெட்டியிலிருந்து காசு போகிறது.

சுற்றுலா பற்றியும் ஒருவர் கேட்டார்: 'ஊர் பார்க்க வருகிறவன் ஒன்றும் தர வேண்டாமா?' லண்டனை வெளிநாட்டில் விளம்பரம் செய்கிற 'லண்டன் அண்ட் பார்ட்னர்ஸ்' நிறுவனத்துக்கு மேயர் நிர்வாகம் மானியம் தருகிறது. போலீஸ் செலவுக்குப் பக்கத்தில் வைத்தால் அது கடுகு. எடின்பரோ, தங்கும் அறை வாடகையில் நூற்றுக்கு 5 என்று, முதல் ஐந்து இரவுகளுக்கு மட்டும், ஒரு வரியைத் தீர்மானித்திருக்கிறது. அதற்குச் சொல் 'தங்கல் வரி' என்று நினைக்கிறேன். அதைத் தனி இழையில் பேசுவோம், இங்கே ஆரம்பித்தால் வியாழன் போய்விடும்.

நேற்று வரைவை எண்பது தாண்டிய ஓர் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். 'மேயர் கேட்கும் தொகைக்கு வரிக்கேட்பு என்று பெயர்.' கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவர் கேட்டார்: 'கேக்குறார்னா, இல்லைன்னு சொல்லிடலாமா?'

என்ன பதில் சொல்ல?

– ஹாரோவிலிருந்து

* * *

சொல்ல முடியாது அம்மா. வீட்டுக்காரராலும் முடியாது, கவுன்சிலாலும் முடியாது. மேயரின் கணக்கை மாற்ற ஓரிடம்தான் உண்டு: 25 பேர் கொண்ட லண்டன் அசெம்பிளி. அங்கும் வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தால்தான் நடக்கும். அந்த அம்மா என் சொல்லில் உள்ள ஓட்டையை ஒரே கேள்வியில் காட்டிவிட்டார். எங்கள் கவுண்டரில் 'கேட்பு' என்றால் கொடுத்தே தீர வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும், வீட்டில் 'கேட்பு' என்றால் அப்படி இல்லை.

– கும்பகோணம் பக்கத்திலிருந்து

* * *

அதற்குத்தான் முதல் நாளே கட்டளை என்றேன்.

– கோவையிலிருந்து

* * *

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. பாதி உங்களுக்கு, பாதி எனக்கு: 'கேட்பாணை'. கேட்பும் இருக்கிறது, ஆணையும் இருக்கிறது. 'கேட்பாணை அமைப்பு' என்று நீட்டவும் முடிகிறது. திருவாரூர்க்காரருக்கும் வழக்கு இல்லை.

– கும்பகோணம் பக்கத்திலிருந்து

* * *

எங்கட ஆக்கள் எப்பிடியும் 'மேயற்ற காசு' எண்டுதான் சொல்லுவினம், பிள்ளை. அதையும் பக்கத்தில போட்டுவிடுங்கோ.

* * *

போட்டுவிட்டேன். அச்சுக்குப் போன வாசகம் இது:

'பில்லில் மூன்றாவதாக உள்ள தொகை கேட்பாணை, அதாவது மேயர் காசு. உங்கள் கவுன்சில் இதை வாங்கி அப்படியே மேயரிடம் கொடுத்துவிடும். இதில் பெரும்பங்கு போலீசுக்கு. குப்பை வண்டி வரவில்லை என்றால் இந்தத் தொகையைக் காட்டித் திட்ட வேண்டாம், மேலே உள்ள முதல் தொகையைக் காட்டித் திட்டுங்கள்.'

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுக்கவில்லை.

– ஹாரோவிலிருந்து