மறுமொழி: 'சோன் ஆஃப் இன்ஹிபிஷன்' – வளராவட்டம் எனலாமா?

ஐயாவுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

பாக்டீரியா வளர்ப்புத் தட்டில் மருந்தைச் சுற்றி வளர்ச்சி இல்லாமல் தெளிந்து நிற்கும் இடத்தை ஆங்கிலத்தில் 'சோன் ஆஃப் இன்ஹிபிஷன்' என்கிறோம். அதற்குத் தமிழில் நீங்கள் தந்த 'தடை மண்டலம்' என்ற சொல்லை இரண்டு நாளாக வாயில் போட்டுப் பார்த்தேன். 'தடை' சரிதான், 'மண்டலம்'தான் இடறுகிறது. எங்கள் தருமபுரிப் பக்கம் நாட்டு மருந்து கொடுப்பவர்கள் "ஒரு மண்டலம் சாப்பிடுங்க" என்றால் 48 நாள் என்று பொருள். மூலிகைச் சோதனை பற்றிய குறிப்பிலேயே அந்தச் சொல் வேறு பொருளில் வந்தால், படிப்பவர் நாள் கணக்கைத்தான் நினைப்பார்.

முதலில் பொருளைக் கண்ணால் பார்த்துவிடுவோம். போன வாரம் மாணவர்களுக்குக் காட்ட ஒரு தட்டு போட்டோம். பாக்டீரியா வளர்க்கும் கூழான முல்லர்-ஹின்டன் அகார் மேல் ஈ.கோலை பாக்டீரியாவைப் பஞ்சுக்குச்சியால் இடைவெளி விடாமல் தடவி, 6 மி.மீ. காகித வில்லைகளை வைத்தோம். ஒன்றில் மாதுளந்தோல் சாறு, ஒன்றில் கொய்யாக் கொழுந்துச் சாறு, இன்னொன்றில் சாறு இறக்கிய கரைப்பானான எத்தனால் மட்டும். வேலையைக் கரைப்பான் செய்துவிட்டுப் பேர் மூலிகைக்குப் போய்விடக் கூடாதே, அதற்காகத்தான் அந்த மூன்றாவது வில்லை. 37 டிகிரியில் ஓர் இரவு வைத்தோம். காலையில் பார்த்தால் தட்டு முழுக்கப் பாய் விரித்தாற்போல் பாக்டீரியா மங்கலாகப் படர்ந்திருந்தது. மாதுளந்தோல் வில்லையைச் சுற்றி மட்டும் தெளிந்த ஒரு வட்டம்.

"புளியமரத்தடி மாதிரி இருக்கு சார்" என்றாள் பாலக்கோட்டிலிருந்து வரும் மாணவி ஒருத்தி. கேழ்வரகுக் கொல்லை ஓரத்தில் புளியமரம் நின்றால் அதன் அடியில் பயிர் எழும்பாது. அதைப் பார்த்து வளர்ந்த பெண் அவள். எனக்கு அங்கேயே பாதிச் சொல் கிடைத்துவிட்டது.

மரத்தடியில் பயிர் முளைத்துச் செத்ததா, முளைக்கவே இல்லையா என்று வெற்றிடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தட்டிலும் அப்படித்தான். பாக்டீரியா செத்ததா, வளராமல் முடங்கிக் கிடக்கிறதா என்பது, அந்த இடத்திலிருந்து எடுத்து மருந்தில்லாத புது ஊடகத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். அதனால் 'கொல்வட்டம்' வேண்டாம். ரத்தபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா என்ற பாக்டீரியாவை மாதுளந்தோல் 'கொன்றது' என்று படிக்கும் ஒரு தாய், பிள்ளைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுப்பதையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதையும் தள்ளிப்போட்டால் அந்தப் பழி நம் சொல்லுக்கும் வரும். தட்டில் நடப்பதெல்லாம் குடலில் நடந்துவிடாது. என் பாட்டி மாதுளந்தோலை மோரில் அரைத்துக் கொடுப்பார், பேதி நிற்கும். அது பாக்டீரியாவைத் தடுத்ததாலா, துவர்ப்பு குடலை இறுக்கியதாலா என்பது தனிக் கேள்வி.

இதற்கு 'வீரிய வட்டம்' என்ற பெயரை எழுதிய அக்காவுக்கு: வட்டம் பெரிதென்றால் மருந்து வலியது என்று சொல்லிவிட முடியாது அக்கா. துவர்ப்பு தரும் டானின் போன்ற பெரிய மூலக்கூறுகள் அகாரில் மெல்லத்தான் பரவும். வட்டம் சிறுத்திருப்பது அதனாலும் இருக்கலாம்.

ஆகவே 'வளராவட்டம்'. வாடாமல்லி, பொய்யாமொழி எல்லாம் இதே கட்டுதான், காதுக்குப் புதிதில்லை. இங்கே வளர்ச்சி இல்லை என்று கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறது. ஏன் இல்லை என்று தீர்ப்புச் சொல்லவில்லை. சில தட்டுகளில் வட்டத்துக்குள்ளேயே மருந்துக்கு அசராத ஒன்றிரண்டு பாக்டீரியாப் பொட்டுகள் தலைகாட்டும். அவற்றுக்கு 'உள்முளை' என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. 'வளராவட்ட விட்டம்' என்று சொன்னால் நாக்கு புரளுகிறது. வகுப்பில் இப்போதைக்கு 'வட்ட அகலம்' என்கிறேன், வில்லையின் 6 மி.மீ.யையும் சேர்த்து அளந்து. கணக்கு வாத்தியாராக இருந்த நீங்கள் இந்த 'அகலத்தை' ஒப்புவீர்களா ஐயா?