புது டாக்டரின் பதிவு எண்ணை எப்படிச் சரிபார்ப்பது?

சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊர். அம்மாவின் இருமலை வாசலிலேயே கேட்டு அடையாளம் காணும் பழைய டாக்டர் காலமாகிவிட்டார். புதிதாக வந்தவரின் சீட்டில் பெயர் மட்டும்தான். அம்மாவுக்குச் சர்க்கரை வேறு, பயமாக இருக்கிறது. எப்படி விசாரிப்பது?

பதில்: பதிவு எண்ணைச் சீட்டிலும் கிளினிக்கிலும் காட்ட வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளே சொல்கின்றன. கூச்சப்படாமல் கேளுங்கள். அப்புறம் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் தேடுங்கள்.

பதில்: பட்டத்தையும் பாருங்கள் அக்கா. எம்.பி.பி.எஸ். என்றால் அலோபதி. பி.எஸ்.எம்.எஸ். என்றால் சித்தா, அதற்குப் பதிவு வேறு இடம்.

கேட்டவர்: நேற்று கேட்டேன். முகம் சுளிக்காமல் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த சான்றிதழைக் காட்டினார். எண் பொருந்துகிறது. அம்மாவின் பழைய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்த பிறகுதான் பேனாவையே எடுத்தார்.