பொருள்: ‘ரிஃப்ளெக்‌ஷன்’ – ஆசிரியர் மேற்பயிற்சிக் கலைச்சொல் வேண்டும்

அன்புள்ள கலைச்சொல் குழுவினர்க்கு வணக்கம்.

ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிப்போர்க்கான கேம்பிரிட்ஜின் டெல்டா பட்டயம் பற்றித் தமிழ் இதழ் ஒன்றுக்குக் கட்டுரை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். தொழிலுக்குப் புதிதாக வருவோர் பெறும் செல்ட்டா சான்றிதழுக்கு அடுத்த படி இது. இதன் மூன்று பகுதிகளில் முதலாவது எழுத்துத் தேர்வு. மூன்றாவது, பெரும்பாலும் ஒரு மாணவர் குழுவுக்கு உரிய பயிற்சியைத் திட்டமிட்டு 4,000 முதல் 4,500 சொற்களில் எழுதும் நெடுங்கட்டுரை. தடுமாற்றம் இரண்டாம் பகுதியில்தான். அதில் மதிப்பிடப்படும் பாடங்கள் நான்கு. ஒவ்வொன்றும் முடிந்தபின், எது எடுபட்டது, எது எடுபடவில்லை, அடுத்த வகுப்பில் எதை மாற்றுவேன் என்று ஆசிரியரே எழுதித் தர வேண்டும். ஆங்கிலத்தில் ரிஃப்ளெக்‌ஷன் எனப்படும் இதற்குப் ‘பிரதிபலிப்பு’ என்று எழுதினேன். அது கண்ணாடிக்கு உரிய சொல் என்று இதழிலிருந்து திரும்பி வந்துவிட்டது.

– ச., மஸ்கட்

அம்மையீர்,

சொல் நம்மிடமே இருக்கிறது: ஓர்மை. ஓர்தல் என்றால் ஆராய்தல். ‘ஓர்ந்துகண் ணோடாது’ என்று 541ஆம் குறள் தொடங்குகிறது. சங்கப் பாடல்களில் ஓர்த்தல் என்பது செவிகொடுத்துக் கேட்டலையும் குறிக்கும். வகுப்பைச் செவிமடுக்காத ஆசிரியன் எதை ஆராய்வான்? ஒன்று என்னும் பொருளுடைய ‘ஓர்’ என்பதோடும் இதற்கு வேருறவு உண்டென்பது என் நெடுநாளைய துணிபு. சிதறிக் கிடக்கும் மனத்தை ஒருங்கே திரட்டிப் பார்ப்பதுதானே ஓர்தல்? இதை விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

– ந., தஞ்சாவூர்

ஐயா, வணக்கம்.

தங்கள் வேர்ச்சொல் ஆய்வை மறுக்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் எங்கள் பேச்சில் ஓர்மம் என்றால் விட்டுக்கொடாத மனத்துணிவு. ‘ஓர்மைக் குறிப்பு’ என்று எழுதினால், பாடத்தைப் பார்க்க வந்த மேற்பார்வையாளரோடு ஆசிரியர் மல்லுக்கு நின்றதாக எங்கள் பிள்ளைகள் விளங்கிக்கொள்வர். ‘மீள்நோக்கு’ போதாதா?

– அ., யாழ்ப்பாணம்

எங்கள் பக்கத்தில் ஓர்மை என்றால் ஞாபகம். ‘ஓர்மை இல்லை’ என்றால் மறந்துபோயிற்று என்று பொருள். ஆசிரியர் பயிற்சிக்கு இந்தப் பொருள் பொருந்தாது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

– பி., நாகர்கோவில்

அனைவர்க்கும் நன்றி. மீள்நோக்கில் எனக்கொரு தடை இருக்கிறது. தொழிலறிவு பற்றி ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் டொனால்டு ஷோன் 1983இல் இச்சிந்தனையை இரண்டாகப் பிரித்தார்: செயல் நடந்துகொண்டிருக்கும்போதே எழுவது ஒன்று, முடிந்தபின் எழுவது மற்றொன்று. மொழியாசிரியர் பயிற்சியிலும் இப்பிரிவு வேரூன்றிவிட்டது. ஓர் எடுத்துக்காட்டு. பூங்காவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் நாய் குரைப்பதைக் குறிக்கும் சொல்லும் முதலொலியில் மட்டுமே வேறுபடுகின்றன (தமிழில் இரண்டையும் ‘பார்க்’ என்றே எழுத வேண்டியிருப்பதால் சுற்றி வளைத்துச் சொல்கிறேன்). அரபியில் அந்த வல்லொலி இல்லாததால் ஓமானிய மாணவர்க்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கின்றன. ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டும் பயனில்லை என்று கண்ட ஆசிரியர், திட்டத்தில் இருந்த பயிற்சித்தாளை ஒதுக்கிவிட்டு, மெல்லிய தாள் ஒன்றை வாய்க்கு முன்னே பிடித்து இரு சொற்களையும் சொல்லிக் காட்டுகிறார். பூங்காவுக்குத் தாள் துள்ளுகிறது, குரைப்புக்கு அசைவதில்லை. அவர் அந்தக் கணத்தில் எண்ணியது எதையும் மீண்டு நோக்கியதன்று. ‘மீள்’ என்ற முன்னொட்டு இருக்கும்வரை ஷோனின் முதற்பிரிவைத் தமிழில் சொல்லவே முடியாது.

– ச., மஸ்கட்

இந்தக் கருத்தே நமக்கு ஒவ்வாதது என்று ஏன் எவரும் சொல்லவில்லை? ‘எண்ணித் துணிக கருமம் துணிந்தபின் எண்ணுவம் என்பது இழுக்கு.’ பாடம் எடுத்தபின் எண்ணுவதை வள்ளுவர் இழுக்கு என்கிறார். கேம்பிரிட்ஜ் அதற்குப் பட்டயம் தருகிறது.

– மு., மதுரை

மு. ஐயாவின் குறும்பை ரசித்தேன். அந்தக் குறள் எண்ணாமல் இறங்குவதைக் கடிகிறது. இங்கோ ஒரு பாடத்தின் பின்னெண்ணம்தான் அடுத்த பாடத்தின் முன்னெண்ணம். பாடத்திட்டம் எழுதாமல் டெல்டா வகுப்புக்குள் எவரும் நுழையவும் முடியாது.

என் பரிந்துரை ‘செயற்சிந்தனை’. அதன்கீழ் செயலிடைச் சிந்தனை, செயற்பின் சிந்தனை என்று இரண்டாகப் பிரிக்கலாம். எல்லார்க்கும் ஏற்ற ஒரே சிறந்த கற்பித்தல் முறை என ஒன்றில்லை என்று 1990இல் வாதிட்டவர், பணிகளைச் செய்யவைத்தே ஆங்கிலம் கற்பிக்கும் பெங்களூருத் திட்டத்தை 1979இல் தொடங்கிய மொழிக்கல்வி அறிஞர் என். எஸ். பிரபு. கற்றல் எப்படி நிகழ்கிறது என்பதில் ஆசிரியர்க்குத் தன் அனுபவத்தால் உருவாகும் நம்பிக்கையே பாடத்தை உயிரோடு வைத்திருக்கிறது என்பது அவர் கட்சி. அந்த நம்பிக்கையை ஆசிரியரே எடுத்துச் சோதிப்பதற்கான சொல், அவர் அகராதியைப் புரட்டாமல் ஆளக்கூடியதாக இருக்க வேண்டாமா?

– க., சென்னை

சிந்தனை வடசொல். அகராதி வேண்டாமென்று சொல்வோர் முதலில் அதைப் பார்த்திருக்கலாம். ‘ஓர்மை’ வட்டார வழக்குகளோடு மோதுகிறது என்பதை ஏற்று ‘ஓர்வு’ என்று திருத்தித் தருகிறேன்; செயலிடை ஓர்வு, செயற்பின் ஓர்வு. செறிவும் இதில்தான் இருக்கிறது.

– ந., தஞ்சாவூர்

‘சிந்தை மகிழச் சிவபுராணந் தன்னை’ என்று மாணிக்கவாசகரே பாடியிருக்க, சிந்தனையை இன்னும் வாசலில் நிறுத்தி வைக்க வேண்டுமா, ஐயா? ஓர்வு என்றால் சோர்வின் அச்சுப்பிழை என்று என் மாணவர் நினைப்பர். சென்னை நண்பரின் சொல்லுக்கே என் வாக்கு, எனினும் பேச்சில் மீள்நோக்கை விடமாட்டேன்.

– அ., யாழ்ப்பாணம்

செயற்சிந்தனைக்கு நாகர்கோவிலும் உடன்படுகிறது. இனி இதில் மடல் எழுத எனக்குத் தெம்பில்லை.

– பி., நாகர்கோவில்

கட்டுரையில் செயற்சிந்தனை என்றே எழுதி அனுப்பிவிட்டேன். ‘அயல்மொழி’ பற்றி எவரும் குறை சொல்லாததால் அதுவும் நின்றது. ஓமானுக்கு அது பொருந்தும், தமிழ்நாட்டுப் பள்ளிக்கு ‘இரண்டாம் மொழி’ என்று ஒரு வரி சேர்த்தேன். ந. ஐயாவின் ஓர்வை அடைப்புக்குறிக்குள்ளாவது தர எண்ணினேன், இயலவில்லை. அந்த இதழில் அடைப்புக்குறிக்கு இடமில்லையாம்.

– ச., மஸ்கட்

இடமில்லாதது அடைப்புக்குறிக்கா, ஓர்வுக்கா? ‘ஓர்’ என்பதன் வேர் பற்றிய என் விரிவான மடல் நாளை வரும்.

– ந., தஞ்சாவூர்